பதினொரு மேப்பிள் கன்றுகளுக்கு ஒரு குளிர்காலம்

ரங்கூனில் குளிர்காலம் என்பது டிசம்பர் கடைசியில் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போவது. ஒன்பது மணிக்குள் அந்தத் தொப்பி கைப்பைக்குள் போய்விடும். இப்படிப்பட்ட ஊரில் ஜப்பான் மேப்பிள் வளர்க்க ஆசைப்படுகிறவர் ஒன்று பணக்காரராக இருக்க வேண்டும், அல்லது தாவரவியல் தெரியாதவராக இருக்க வேண்டும். என் பணிக்காலத்தில் வந்த வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் இரண்டுமாகவே இருந்தார்கள்.

நான் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்த நாற்றுப்பண்ணை ரங்கூனுக்கு வடக்கே மாவ்பியில் இருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகும் ஏதாவது திறப்பு விழா என்றால் கூப்பிடுவார்கள். சென்ற மாதம் சொந்தமாகக் குளிர் அறை கட்டி, அதற்கு ரிப்பன் வெட்டினார்கள். சுவரில் ஒரு திரை. வெப்பம், ஈரம் எல்லாம் அதில் தானாக வருகிறது. புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, "சயாமா, இனிமேல் மேப்பிளைக் குளிரில் வைக்க ஆளே வேண்டாம்" என்றாள். சயாமா என்றால் ஆசிரியை. எங்கள் ஊரில் கொஞ்சம் படித்து, கொஞ்சம் வயதான எல்லாப் பெண்களும் சயாமாதான். அந்தக் காலத்தில் எப்படிச் செய்தீர்கள் என்று எழுதித் தரச் சொன்னார்கள். பர்மியத்தில் நான்கு பக்கம் நடைமுறைக் குறிப்பு எழுதிக் கொடுத்தேன். அதில் சேர்க்க முடியாததை எங்கள் கோயில் ஆண்டு மலருக்காக இங்கே தமிழில் எழுதுகிறேன்.

என் அப்பா நகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் வால்வு திறந்து மூடியவர். நான் தாவரவியல் படித்தேன், அரசாங்கப் பண்ணை ஒன்றில் இரண்டு வருடம் பயிற்சி பெற்றேன். அங்கே கற்றது சுருக்கமாக இதுதான்: செடிகள் பெரும்பாலும் கவனக்குறைவால் சாவதில்லை, கவனிப்பால் சாகின்றன. மீதியெல்லாம் மாவ்பியில் ஊ தெய்ன் லின் என்ற என் மேலாளரிடம் கற்றேன். பெயருக்கு முன்னால் வரும் ஊ என்பது ஐயா மாதிரி, மா என்பது அக்கா மாதிரி.

அவர் யாரையும் திட்டியதில்லை. "தவறு" என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. வார அறிக்கையைக் கொண்டுபோய் வைத்தால் மேலிருந்து கீழாக ஒருமுறை படிப்பார். பிறகு தாளை நம் பக்கம் திருப்பி, ஒரு வரியின் மேல் பென்சிலைப் படுக்க வைத்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்குவார். அந்த வரியில் என்ன கோளாறு என்று நாமாகக் கண்டுபிடிக்கும்வரை திரும்ப மாட்டார். ஒருமுறை 'நீர் ஊற்றப்பட்டது' என்ற வரியில் பென்சில் கிடந்தது. யார் ஊற்றியது என்று நான் எழுதவில்லை என்பது விளங்க எனக்கு இருபது நிமிடம் ஆயிற்று. அதற்குள் அவர் பக்கத்துப் பாத்தியில் எத்தனை குரோட்டன் இருக்கிறது என்று எண்ணி முடித்திருந்தார்.

மேப்பிள் விவகாரம் ஒரு மழைக்காலத்தின் கடைசியில் வந்தது. நகர ஓரத்துத் தொழிற்பேட்டையான லைங் தாயாவில் ஜப்பானியர் ஒருவருக்குச் சொந்தமான தையல் தொழிற்சாலை. முதலாளி தன் ஊரில் விதை போட்டுத் தானே வளர்த்த பன்னிரண்டு கன்றுகளை முந்தின குளிர்காலத்தில் அனுப்பிவைத்திருந்தார். வாசலில் வரிசையாகத் தொட்டிகளில் வைத்திருந்தார்கள். நான் போனபோது ஒன்று செத்திருந்தது, மற்றவை சாவதற்கு வரிசையில் நின்றன. இலை நுனி கருகியிருந்தது, கிளை முனைகள் கறுத்திருந்தன. தொட்டியைத் தட்டினால் களிமண் சத்தம். மண்ணை முகர்ந்தால் சாக்கடை.

தொழிற்சாலை மேனேஜர் ஏற்கெனவே குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டார். தோட்டக்காரர் ஊ மியா. ஐம்பத்தெட்டு வயது, மெலிந்த மனிதர். மதில் ஓரத்தில் தொழிற்சாலை கொடுத்திருந்த ஒற்றை அறையில் மகள் மா சூவோடு இருந்தார். மா சூ அங்கேயே தையல் வரிசையில் காலர் வைப்பவள். முதலாளி ஏப்ரல் தொடக்கத்தில் வருகிறார், அதற்குள் மரங்கள் தழைக்கவில்லை என்றால் ஊ மியா வேலையையும் அறையையும் விட்டுப் போக வேண்டும் என்று மேனேஜர் சொன்னார். இதை அவரை வைத்துக்கொண்டே சொன்னார். லைங் தாயாவில் ஒரு அறையில் ஏழு பேர் தூங்குகிறார்கள். அந்த வயதில் அவர் எங்கே போய் இடம் தேடுவார் என்று மேனேஜருக்கும் தெரியும்.

முறைப்படி தொடங்கினேன். கட்டைவிரல் நகத்தால் பட்டையைச் சுரண்டினால் அடியில் பச்சை தெரிய வேண்டும். நுனியிலிருந்து கீழே வந்து பச்சை கிடைக்கிற இடத்துக்கு மேலே வெட்ட வேண்டும். ஒவ்வொரு மரத்துக்கும் நடுவில் கத்தரியைச் சாராயத்தில் துடைக்க வேண்டும். பிறகு கன்றைத் தொட்டியிலிருந்து எடுத்து வேரைத் தண்ணீரில் அலச வேண்டும். கறுத்து வழவழப்பான வேர்களை, வெள்ளை தெரியும்வரை நறுக்கினேன். சில கன்றுகளுக்கு என் உள்ளங்கை அளவு வேர்தான் மிஞ்சியது.

"எவ்வளவு தண்ணீர் ஊற்றினீர்கள்?" என்று ஊ மியாவைக் கேட்டேன். காலையில் ஒரு குவளை என்றார். ஒரு குவளையில் இந்த அளவு அழுகாது. மறுபடி கேட்டேன். தரையைப் பார்த்தார். கேள்வியை மாற்றி மாற்றிக் கேட்டும் அதே குவளை, அதே தரை.

பதில் மா சூவிடமிருந்து வந்தது. மே மாதப் பௌர்ணமியில் அரச மரத்துக்கு நீர் ஊற்றுவது இங்கே புண்ணியம். அந்த வருடம் அவசர ஆர்டர் என்று அன்று விடுமுறை தரவில்லை. பக்கத்தில் அரச மரமும் இல்லை. ஊரை விட்டு வந்து தைக்கிற பெண்கள். புண்ணியத்தை எங்கேயாவது ஊற்றியாக வேண்டும். வாசலில் வெளிநாட்டிலிருந்து வந்த, முதலாளி கையால் வளர்த்த, யாரும் தொடக்கூடாத மரங்கள் இருந்தன. அவற்றுக்கு ஊற்றினார்கள். அடுத்த வாரம் ஊற்றினவர்களில் ஒருத்திக்கு மேற்பார்வையாளர் பதவி கிடைத்தது. அவ்வளவுதான். அன்றிலிருந்து ஷிப்டு முடிந்து போகிற ஒவ்வொருத்தியும் பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரை ஒரு வேண்டுதலோடு ஊற்றிவிட்டுப் போனாள். அதற்கு மேல் மழை வேறு.

"நீங்கள் தடுக்கவில்லையா?" என்று ஊ மியாவைக் கேட்டேன்.

"புண்ணியம் செய்கிறவர் கையை எப்படிப் பிடிப்பது, சயாமா? அந்தப் பாவத்தை எங்கே கழுவுவேன்?"

"மேனேஜரிடமாவது சொல்லியிருக்கலாமே."

"சொன்னால் அந்தப் பிள்ளைகளுக்கு அபராதம்."

 ஊ தெய்ன் லினிடம் சொன்னேன். அவர் பண்ணையிலிருந்து இடுப்புயர அரசங்கன்று ஒன்றைப் பெரிய தொட்டியோடு தொழிற்சாலை வாசலில் வைக்கச் சொன்னார். அரச மரம் எவ்வளவு தண்ணீரையும் தாங்கும், எவ்வளவு வேண்டுதலையும் தாங்கும். பெண்கள் ஒரே நாளில் அதற்கு மாறிவிட்டார்கள். அசல் கிடைத்த பிறகு நகலை யார் தேடுவார்கள்?

மேப்பிள்களை மாவ்பிக்குக் கொண்டுபோனோம். சலித்த செங்கல் சில்லு, கருக்கிய உமி, ஆற்று மணல், கொஞ்சம் மக்கிய இலை. மண்ணே இல்லாத கலவை. தண்ணீர் மேலே ஊற்றினால் கீழே சிரித்துக்கொண்டே வர வேண்டும். ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு மூங்கில் குச்சி செருகினோம். அதை உருவிப் பார்த்து, பாதிக்குக் கீழே மட்டும் ஈரம் இருந்தால்தான் தண்ணீர். புதுத் தளிர் வரும்வரை உரம் கிடையாது. நோயாளிக்கு விருந்து வைக்கக் கூடாது. ஊ தெய்ன் லின் இன்னொன்றையும் சேர்த்தார்: தண்ணீர் ஊற்றப்போகிறவர் மரங்களோடு வர வேண்டும். அதனால் ஊ மியா வாரத்தில் ஐந்து நாள் மாவ்பியில் தங்கினார். மா சூ அறையைக் காத்தாள். பூட்டிக் கிடந்தால் மேனேஜர் அதில் நூல் பெட்டிகளை அடுக்கிவிடுவார் என்று அவளுக்குப் பயம். குச்சியைப் படிக்க ஊ மியாவுக்கு இரண்டு நாள் போதுமாக இருந்தது. என்னிடம் பயிற்சிக்கு வந்த பட்டதாரிகளுக்கு ஒரு மாதம் ஆகும்.

அக்டோபர் கடைசியில் பதினொன்றும் சிறிதாகத் தளிர் விட்டன. அதோடு எல்லோரும் நிறுத்திவிடுவார்கள். ஆனால் மேப்பிளுக்கு உறக்கம் வேண்டும். குளிர் போதாத மரம் வருடம் முழுக்க விழித்துக்கொண்டே இருந்து, வசந்தத்தில் அரைகுறையாக மொட்டு விட்டு, இரண்டாம் வருடம் செத்துவிடும். மூன்றிலிருந்து ஐந்து டிகிரி வரை, எட்டு வாரத்துக்குக் குறையாமல் தர வேண்டும். ரங்கூனில் அந்தக் குளிர் விற்கிற இடம் ஒன்றுதான்: பழ வியாபாரிகளின் குளிர் கிடங்கு.

நகர நடுவில் பபேடானில் ஜமால் காக்காவைத் தெரியாத பழக்கடைக்காரர் கிடையாது. அவருடைய முன்னோர் கீழக்கரையிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். நகரத்துக்கு வெளியே அவருக்குக் கிடங்கு இருந்தது, இரண்டு அறை, ஒரு ஜெனரேட்டர். சின்ன அறை அந்தப் பருவத்தில் காலியாக இருந்தது.

"மரத்துக்குக் குளிர் வேணுமா? மனுசனுக்கே மின்சாரம் இல்ல, தங்கச்சி" என்று சிரித்தார். ஆனாலும் கொடுத்தார். 

டிசம்பர் முதல் வாரத்தில் இலைகளைக் கையால் கிள்ளி எடுத்தோம். இந்த ஊரில் அவை தாமாக உதிரக் காத்திருந்தால் எனக்கு ஓய்வூதியம் வந்துவிடும். காம்பைப் பாதியில் வெட்டிவிட்டால் மீதி தானாக விழும், மொட்டுக்குக் காயம் படாது. பூஞ்சைக்குச் செம்பு மருந்து தெளித்து, தொட்டிகளைச் சாக்கில் சுற்றி, முதல் வாரம் பன்னிரண்டு டிகிரி, அடுத்த வாரம் எட்டு, பிறகு நான்கு. அறைக்கு என் சரிபார்ப்புப் பட்டியலில் பத்தொன்பது வரி இருந்தது: கதவு ரப்பர், வடிகால், எலி, ஜெனரேட்டர் டீசல், வெப்பமானி இரண்டு. அதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. பத்தொன்பதிலும் பழம் என்ற சொல் இல்லை.

ஜனவரி நடுவில் ஒரு திங்கட்கிழமை கதவைத் திறந்தேன். ஆப்பிள் மணம் முகத்தில் அடித்தது. பெரிய அறையின் கம்ப்ரசர் வியாழக்கிழமை நின்றுவிட்டதாம். காக்கா நாற்பது பெட்டி ஆப்பிளை மரங்களுக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்தார். மரங்களின் மேல் இடித்துவிடக் கூடாது என்று நடுவில் ஒரு தார்ப்பாயும் கட்டியிருந்தார்.

உடனே எடுக்கச் சொன்னேன். காக்காவுக்குக் கோபம் வரவில்லை, புரியவில்லை.

"ஆப்பிள் என்ன பாவம் பண்ணுச்சு? அது சும்மா பொட்டியில தூங்குது."

"அது தூங்கல, காக்கா. மூச்சு விடுது. அந்த மூச்சுல ஒரு வாயு இருக்கு, மொட்டை உள்ளேயே கருக்கிடும்."

"கண்ணுக்குத் தெரியாத வாயுக்காக நாப்பது பொட்டிய வெயில்ல வைக்கச் சொல்றியா?" என்று கேட்டார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு, அன்று மதியத்துக்குள் பாதி விலைக்கு எல்லாப் பெட்டியையும் கடைகளுக்கு அனுப்பிவிட்டார். அந்த மனிதரைப் பற்றி யார் என்ன குறை சொன்னாலும் இன்றுவரை நான் காதில் வாங்குவதில்லை.

கதவைத் திறந்துவைத்து விசிறி போட்டு அறையைக் காற்றாடவிட்டோம். ஆனால் நான்கு நாள் நான்கு நாள்தான். கருகியதா இல்லையா என்பது வெளியே இருந்து தெரியாது. பட்டை பச்சையாகவே இருக்கும், மொட்டு உள்ளே செத்திருக்கும்.

அந்த வார அறிக்கையை நான் எழுதியவிதத்தை இப்போது சொல்கிறேன். பர்மிய நடைமுறைக் குறிப்பில் இதைச் சொல்லவில்லை. வெப்பநிலை எழுதினேன், ஈரம் எழுதினேன், 'அறை காற்றாட விடப்பட்டது' என்று எழுதினேன். ஆப்பிளை எழுதவில்லை. எழுதாததில் பொய் எதுவும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மரங்கள் செத்தால் காரணம் ஏற்கெனவே கோப்பில் இருந்தது: வரும்போதே வேர் அழுகல், மிகை நீர். என் கையெழுத்திலேயே இருந்தது. அந்தக் காரணத்துக்கு ஒரு பெயரும் ஒரு அறையும் உண்டு என்பதை நினைக்காமல் இருக்க முயன்றேன். ஓய்வுக்கு இன்னும் கொஞ்ச காலமே இருந்தது. முப்பது வருடத்தில் எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம்கூட வந்ததில்லை.

ஊ தெய்ன் லின் தாளைப் படித்தார். திருப்பவில்லை, பென்சிலையும் வைக்கவில்லை. தாளை மூக்கருகே கொண்டுபோனார். கிடங்குக்குள்ளேயே அட்டையில் செருகித் தொங்கவிட்டிருந்த தாள் அது.

"என்ன மணம் இது, மா தனா?" தனலட்சுமி என்ற என் பெயரை அலுவலகத்தில் அப்படித்தான் சுருக்கியிருந்தார்கள்.

"குளிர் அறை மணம், சயா."

"குளிருக்கு மணம் கிடையாது."

 அவர் ஜன்னலைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். அது முன்பு நடந்ததில்லை.

"மரம் போனால் யார் வீட்டை விட்டுப் போவார்?" என்று கேட்டார்.

"ஊ மியா."

"நீ எங்கே போவாய்?"

"எங்கேயும் போக மாட்டேன், சயா."

அவர் ஒரு புதுத் தாளை எடுத்து என் முன்னால் வைத்துவிட்டுத் தன் டீயை ஊற்றிக்கொண்டார். ஆப்பிள், பெட்டி எண்ணிக்கை, எத்தனை நாள், பட்டியலில் அந்த வரி ஏன் இல்லை என்பதுவரை எழுதினேன். இன்னொரு தாளில் தொழிற்சாலைக்குக் கடிதம்: மரங்கள் எங்களிடம் வந்தபோது மீட்கக்கூடிய நிலையில் இருந்தன, தோட்டக்காரர் நாங்கள் சொன்னபடியே செய்தார், இனி அவை செத்தால் பொறுப்பு என்னுடையது. அவர் படித்துவிட்டு, தன் பெயரையும் என் பெயருக்குக் கீழே எழுதிக் கையெழுத்திட்டார்.

கடிதத்தை நானே லைங் தாயாவுக்குக் கொண்டுபோனேன். மேனேஜருக்கு மகிழ்ச்சி. முதலாளியிடம் காட்ட அதுவரை ஒரு தோட்டக்காரர்தான் இருந்தார். இப்போது முத்திரை குத்திய காகிதத்தோடு ஒரு பட்டதாரி கிடைத்துவிட்டாள். வெளியே வரும்போது, சொன்னால் நம்ப மாட்டீர்கள், எனக்குப் பசித்தது. நான்கு நாளாக எனக்குச் சரியாகச் சோறு இறங்கவில்லை. வாசலில் நின்று ஒரு தட்டு மொஹிங்கா மீன்குழம்பு நூடுல்ஸ் சாப்பிட்டு, இன்னொரு தட்டும் வாங்கினேன்.

பிப்ரவரி மூன்றாம் வாரத்தில் மரங்களை வெளியே எடுக்கும்முன் ஒவ்வொன்றிலும் ஒரு மொட்டைக் கிள்ளி, சவர பிளேடால் நெடுக்காக அறுத்துப் பார்த்தேன். இரண்டில் உள்ளே பழுப்பு. ஒன்பதில் பச்சை, பாசிப்பருப்பு அளவு. ஊ மியா பக்கத்தில் நின்று எண்ணிக்கொண்டிருந்தார். பச்சையாக இருப்பது மட்டும் விழிப்பதற்கு உத்தரவாதம் இல்லை என்று அவரிடம் சொன்னேன். அவர் தலையாட்டினார். குளிரிலிருந்து நேரே ரங்கூன் பிப்ரவரிக்குள் கொண்டுவந்தால் வெந்துவிடும். எனவே மறுபடி எட்டு டிகிரி, பன்னிரண்டு, பிறகு மாவ்பியில் நிழல்வலைக் கூடாரத்துக்குள், சுற்றிலும் நனைத்த சாக்குத் திரை. சாக்கு காயாமல் பார்த்துக்கொள்வது ஊ மியா வேலை. பதினெட்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. காக்கா இரண்டு முறை போனில் கேட்டார். மூன்றாம் முறை கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

பத்தொன்பதாம் நாள் காலை ஏழு மணிக்கு ஊ மியா போன் செய்தார். குரலில் கவலை.

"சயாமா, கிளை முனையில் சிவப்பாக என்னவோ. பூச்சியா, எறும்பு முட்டையா தெரியவில்லை. மருந்து அடிக்கவா?"

"தொடாதீர்கள்" என்றேன். பேருந்துக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாமல் டாக்சி பிடித்தேன். ஊ தெய்ன் லின் எனக்கு முன்பே கூடாரத்துக்குள் குனிந்து நின்றிருந்தார். ஒன்பது மரங்களில் ஏழில் மொட்டுச் செதில் பிரிந்து, உள்ளிருந்து மடித்த கைக்குட்டை போல ஒரு சிவப்பு இலை வெளியே வந்துகொண்டிருந்தது. மீதி இரண்டும் அந்த வாரத்துக்குள் விழித்துக்கொண்டன. ஊ மியாவுக்கு அது இலை என்று சொல்ல வேண்டியிருந்தது. அவர் வாழ்நாளில் பச்சையாகப் பிறக்காத மேப்பிள் இலையைப் பார்த்ததில்லை. நம்பவில்லை. கண்ணாடியைக் கழற்றி லுங்கியில் துடைத்து, மறுபடி மாட்டிப் பார்த்தார். அப்புறம் உட்கார்ந்துவிட்டார், ஈரத் தரையில்.

மரங்களைத் தொழிற்சாலை வாசலுக்குத் திருப்பிக் கொண்டுபோய் வைத்தோம். முதலாளி ஏப்ரலில் வந்தார். கார் கதவுக்கும் அலுவலகக் கதவுக்கும் நடுவே மேப்பிள்களைப் பார்த்து ஒரு நிமிடம் நின்றாராம், ஓர் இலையை விரலால் தொட்டாராம். மூன்று குறைகிறதே என்று கேட்டிருக்கிறார். மேனேஜர் என் கடிதத்தைக் காட்டியிருக்கிறார். ஒன்பது பிழைத்ததே பெரிது என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார். என்னைப் பார்க்க யாரும் கேட்கவில்லை. எச்சரிக்கைக் கடிதமும் வரவில்லை.

எனக்கு அது போதவில்லை. மேனேஜரை எனக்குத் தெரியும். அடுத்த வருடம் இன்னொரு காரணம் கண்டுபிடிப்பார். மேப்பிள் ஒவ்வொரு வருடமும் உறங்க வேண்டும், அதற்கு ஒவ்வொரு வருடமும் பண்ணையோடு ஒப்பந்தப் படிவம் வேண்டும். அதை எழுதியது நான். பொறுப்பாளர் என்ற இடத்தில் ஊ மியா பெயரைப் போட்டேன். அதன் கீழே ஒரு விதி: பொறுப்பாளர் மரங்களுக்கு ஐம்பது அடிக்குள் குடியிருக்க வேண்டும், பொறுப்பாளரை மாற்றினால் மரங்களின் நலனுக்குப் பண்ணை உத்தரவாதம் தராது. இந்த விதி எந்தத் தோட்டக்கலைப் புத்தகத்திலும் கிடையாது. ஊ தெய்ன் லின் இரண்டு முறை படித்தார். ஐம்பதை அடித்துவிட்டு நாற்பது என்று போட்டார். ஊ மியாவின் அறை நாற்பது அடிக்குள்தான் இருந்தது. அவர் எப்போது போய் அளந்தார் என்று எனக்குத் தெரியாது.

மேனேஜர் படிக்காமலே கையெழுத்திட்டார். முதலாளி தொட்ட இலை வாசலில் இருந்தது. மேனேஜருக்கு அவ்வளவு போதும். பிரதியை ஊ மியாவிடம் கொடுத்து, அந்த வரியை மட்டும் வாசித்துக் காட்டினேன். அவர் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, வேலை இருக்கிறது என்று போய்விட்டார். 

மறுநாள் மதியம் மா சூ போன் செய்தாள். அப்பா இன்று விடுப்பு எடுத்திருக்கிறார் என்றாள். போன மழைக்கு முந்தின மழையிலிருந்தே அறையின் கூரை ஒழுகுகிறதாம். எப்படியும் ஒருநாள் காலி செய்யச் சொல்வார்கள், எதற்குச் செலவு என்று பாத்திரத்தை வைத்தே சமாளித்து வந்தாராம். காலையில் போய்த் தகரம் இரண்டு வாங்கி வந்துவிட்டார். அவள் பேசியது சரியாகக் கேட்கவில்லை. பின்னால் யாரோ ஓயாமல் ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள்.